ஆடு நின்ற இடத்தில் பள்ளம் வந்தது எப்படி? டைனோசர் படத்தில் பிழை பிடிக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

‘ஜுராசிக் பார்க்’ படத்தில் இருபது தப்பு, ஐம்பது தப்பு என்று பட்டியல் போட்டுக் காணொளி வெளியிடும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். டைனோசர்களை மறுபடி உருவாக்கி ஒரு தீவுப் பூங்காவில் காட்சிக்கு வைக்க, மின்சாரம் போய் அவை வெளியே வந்துவிடும் கதை அது. 1993இல் வந்த அந்தப் படத்தை இன்னும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறீர்கள் என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். பிழை பிடிப்பது கெட்ட பழக்கமும் இல்லை. ஒரு படம் எப்படித் தைக்கப்பட்டது என்பது தையல் பிரிந்த இடத்தில்தான் தெரியும். எங்கள் குறை வேறு. உங்கள் பட்டியல்களில் பாதி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. வசனத்திலேயே பதில் இருக்கிற விஷயத்தை ‘லாஜிக் ஓட்டை’ என்கிறீர்கள். உண்மையான ஓட்டையை ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். கண்டினியூட்டி பிழை (ஒரு ஷாட்டில் இருந்த பொருள் ஒட்டிய அடுத்த ஷாட்டில் மாறிப்போவது), இடக்குழப்பம், கதை ஓட்டை, அறிவியல் தவறு எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி ‘மிஸ்டேக்’ என்று தலைப்புப் போடுகிறீர்கள். எந்தப் பிழை எந்தக் கட்டத்தில் புகுந்தது என்று பிரித்துச் சொன்னால்தான் பார்ப்பவருக்கு ஏதாவது மிஞ்சும்.

எல்லாப் பட்டியலிலும் முதலிடம் பிடிக்கும் ஆட்டிலிருந்தே தொடங்கலாம். பகலில் சுற்றுலா வண்டிகள் டி-ரெக்ஸ் வேலியருகே நிற்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம், சாலை மட்டத்திலேயே, நிலத்துக்கடியிலிருந்து ஓர் ஆடு மேலே தூக்கி நிறுத்தப்படுகிறது. இரவில் மின்சாரம் போன பிறகு டி-ரெக்ஸ் அதே இடத்திலிருந்து கம்பிகளை அறுத்துக்கொண்டு சாலைக்கு நடந்து வருகிறது. ஏறி வரவில்லை, நடந்து வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து, சுற்றிப் பார்க்க வந்த தொல்லுயிர் ஆய்வாளர் கிராண்டும் பூங்கா உரிமையாளரின் பேத்தி லெக்ஸும் அதே வேலிப்பக்கத்துச் சுவரில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார்கள். கீழே மரத்தின் உச்சி தெரியும் ஆழம். லெக்ஸின் தம்பி டிம் மாட்டிக்கொண்ட கார் அந்த மரத்தில் போய் விழுகிறது.

இதற்கு ரசிகர்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். அடைப்பின் ஓரம் முழுக்க அகழி இருக்கிறது, தீனி போடும் இடம் மட்டும் சாலை மட்டத்துக்கு உயர்த்தப்பட்ட மேடு, டி-ரெக்ஸ் காரைச் சுழற்றித் தள்ளிக்கொண்டே போனதால் கார் மேட்டைத் தாண்டி அகழிப் பக்கம் வந்துவிட்டது என்கிறார்கள். கார் சுழல்வதும் தள்ளப்படுவதும் படத்தில் உண்டு. ஆகவே இது கட்டுக்கதை இல்லை. ஆனால் மேடும் பள்ளமும் ஒரே சட்டகத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் ஒரு ஷாட்கூடப் படத்தில் கிடையாது. இரண்டு வினாடி அகல ஷாட் ஒன்று இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அதனால் இதற்கு ‘கதை ஓட்டை’ என்ற பெயர் பொருந்தாது, ‘இடக்குழப்பம்’ என்று எழுதுங்கள். கதாபாத்திரம் யாரும் முட்டாள்தனமாக நடக்கவில்லை, கதையில் காரணம் எதுவும் விடுபடவில்லை. பார்வையாளர் தலைக்குள் வரைபடம் உருவாகவில்லை, அவ்வளவுதான்.

இது எங்கே புகுந்தது என்பதையும் பாருங்கள். பகல் பகுதி ஹவாயின் கவாய் தீவில் வெளிப்புறத்தில் எடுத்தது. இரவுத் தாக்குதல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வார்னர் பிரதர்ஸ் வளாகத்தின் 16ஆம் எண் ஸ்டேஜில் போட்ட செட். வேலியும் சாலையும் அங்கே மறுபடி கட்டப்பட்டவை. ஒரே இடம் இரண்டு ஊர்களில் இரண்டு முறை உருவாகும்போது நிலத்தின் மட்டமும் தூரமும்தான் முதலில் கைவிட்டுப் போகும். தமிழ்ப் படங்களில் வீட்டு வாசல் காரைக்குடியிலும் கூடம் சென்னை செட்டிலும் இருக்கும்போது கதவு இடமிருந்து வலமாக மாறிப் போகிறதே, அதே நோய்தான்.

எடிட்டிங் மேசையில் இருப்பவருக்கு இது தெரியாமல் போகாது. வால்டர் மர்ச் என்ற படத்தொகுப்பாளர், ஒரு வெட்டை எங்கே வைப்பது என்பதற்கு ஆறு அளவுகோல் சொல்லி ஒவ்வொன்றுக்கும் எடை போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. காட்சியின் முப்பரிமாண இடத் தொடர்ச்சிக்கு அவர் கொடுத்தது வெறும் 4. ‘ஜுராசிக் பார்க்’கைத் தொகுத்தவர் மைக்கேல் கான், மர்ச் இல்லை. ஆனாலும் அந்த மழைக் காட்சியைத் தொகுத்த கை இதே முன்னுரிமையைத்தான் பின்பற்றியிருக்கிறது என்று பார்த்தாலே தெரிகிறது. பயம் நூறு சதவீதம் நிற்கிறது, பூகோளம் போய்விட்டது. எங்களைக் கேட்டால் அது சரியான பேரம்.

அடுத்தது ராப்டர்களின், அதாவது கூட்டமாக வேட்டையாடும் வெலோசிராப்டர்களின், எண்ணிக்கை. ‘இரண்டு ராப்டர்தான், மூன்றாவது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்கும் காணொளிகளை நிறையப் பார்த்துவிட்டோம். பேனாவை எடுத்து எண்ணுங்கள். ஆரம்பத்தில் பூங்காவின் விலங்குக் காவலர் மல்டூன் சொல்கிறார்: எட்டு உருவாக்கினோம், பெரியது வந்ததும் மற்றவற்றில் இரண்டைத் தவிர எல்லாவற்றையும் கொன்றுவிட்டது. ஆகப் பெரியதோடு சேர்த்து மூன்று. மல்டூன் குறிபார்க்கும் ராப்டர் ஒன்று, பக்கவாட்டிலிருந்து அவர்மேல் பாய்வது ஒன்று. கிராண்டோடு வந்த தாவர ஆய்வாளர் எல்லியை மின்நிலையக் கொட்டகையில் துரத்துவது மூன்றாவது. அதை அவர் கதவுக்குப் பின்னால் அடைத்துவிட்டு ஓடிவருகிறார். பிறகு கிராண்ட், வெளியே இருப்பது இரண்டுதானே, மூன்றாவது அடைபட்டிருப்பது உறுதிதானே என்று கேட்கிறார். கதவைத் திறக்கக் கற்றுக்கொள்ளாத வரை உறுதிதான் என்கிறார் எல்லி. அடுத்த வெட்டு சமையலறைக் கதவின் கைப்பிடி. அங்கே வரும் இரண்டில் ஒன்று குளிர்பதன அறையில் மாட்டிக்கொள்கிறது, அதன் தாழ்ப்பாளில் ஆணி செருகப்படுகிறது. கடைசியில் மண்டபத்தில் இரண்டு. உறைபெட்டியில் ஒன்று, மண்டபத்தில் இரண்டு, மொத்தம் மூன்று. கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது. திரைக்கதை எழுதியவர்கள் இவ்வளவு கவனமாக எண்ணி வைத்ததைப் பிழை என்று சொல்வது அநியாயம்.

இந்த மாதிரி இடத்தில் மொழிமாற்றுப் பதிப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவே கூடாது. உதட்டசைவுக்குப் பொருந்த வேண்டும் என்று முதலில் வெட்டப்படுவது இந்த மாதிரி எண்களும் துணைக்காரணங்களும்தான். ‘வேலி மின்சாரம் ராப்டர் அடைப்பில் மட்டும் எப்படி முதலில் போகவில்லை?’ என்ற கேள்வியும் இதே ரகம். டைனோசர் கருக்களைத் திருடப் பூங்காவின் பாதுகாப்பை அணைத்த கணினிக்காரன் நெட்ரி வேண்டுமென்றே ராப்டர் வேலியைத் தொடாமல் விட்டான், கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர் ஆர்னால்ட் மொத்த அமைப்பையும் அணைத்து மறுபடி இயக்கியபோதுதான் அதுவும் போனது என்பது உடைந்த வேலிக்கு முன்னால் மல்டூன் கோபத்தோடு சொல்லும் வசனத்தில் இருக்கிறது. மூல ஆங்கில வசனத்தை சப்டைட்டிலோடு ஒருமுறை ஓட்டுங்கள். உங்கள் பட்டியலில் கால்வாசி அங்கேயே கழியும்.

அப்படியானால் ஓட்டையே இல்லையா? இருக்கிறது, நல்ல பெரிய ஓட்டைகள். நோயுற்றுக் கிடக்கும் டிரைசெராடாப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை நோய் வருகிறது என்கிறார்கள். நச்சுக்காய் தின்றிருக்கும் என்று எல்லி சந்தேகிக்கிறார், சாணக் குவியலில் கைவிட்டுத் தேடுகிறார், காய் கிடைக்கவில்லை. புயல் வருகிறது. அதோடு அந்தப் பேச்சே போய்விட்டது. படத்துக்கு மூலமான மைக்கேல் கிரைட்டனின் 1990 நாவலில் இதற்கு விடை உண்டு. அங்கே நோயுற்ற விலங்கு ஸ்டெகோசாரஸ். செரிமானத்துக்காக விழுங்கும் கற்களைச் சில வாரங்களுக்கு ஒருமுறை கக்கிவிட்டுப் புதுக்கற்களைப் பொறுக்கும்போது, கற்களோடு காய்களும் உள்ளே போகின்றன. சாணத்தில் காய் இல்லாததற்கும் ஆறு வாரக் கணக்குக்கும் காரணம் அதுதான். படத்தில் கேள்வியின் இரண்டு பாதியையும் வைத்துக்கொண்டு பதிலை மட்டும் வெட்டிவிட்டார்கள். நாவலைச் சுருக்கும்போது உண்டாகும் ஓட்டைக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. உங்கள் பட்டியல்களிலோ இது கடைசிப் பக்கத்தில்கூட வருவதில்லை.

இன்னொன்று முடிவுக் காட்சி. முதல்முறை வரும்போது கிளாஸில் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர வைத்த டி-ரெக்ஸ் (டாஷ்போர்டுக்குள் கிதார் தந்தியைக் கட்டி இழுத்துத்தான் அந்த வட்டத்தை வரவழைத்தார்கள்), கடைசியில் பார்வையாளர் மண்டபத்துக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் நுழைந்து ராப்டரைக் கவ்வுகிறது. எந்த வழியாக வந்தது என்பதும் தெரியாது. சுவரில் கட்டுமானம் முடியாத திறப்பு இருக்கிறது, பிளாஸ்டிக் விரிப்பு தொங்குகிறது என்று சமாளிக்கலாம். காலடிச் சத்தத்துக்கு அந்தச் சமாளிப்பும் கிடையாது. இது எழுத்தில் இருந்த முடிவே இல்லை. முதலில் யோசித்தது டி-ரெக்ஸ் இல்லாத முடிவு. படத்தின் நாயகன் அந்த விலங்குதான், அது திரும்பி வராமல் ஜனம் எழுந்து போகாது என்று இயக்குநர் ஸ்பீல்பெர்க் படப்பிடிப்பின் போக்கில் மாற்றினார். தாமதமாகச் சேர்த்த காட்சிக்கு அதை முன்கூட்டியே உணர்த்தும் ஷாட்கள் இருக்காது. ஆகவே இது ஓட்டைதான், திருத்தம் கொண்டுவந்த ஓட்டை.

ராப்டர் நுழையாதபடி கட்டுப்பாட்டு அறைக் கதவை கிராண்டும் எல்லியும் முட்டுக்கொடுத்துத் தள்ளுகிறார்கள், துப்பாக்கி கைக்கு எட்டாத தூரத்தில் கிடக்கிறது, டிம் சும்மா நிற்கிறான். அவன் எடுத்துக் கொடுத்திருக்கலாம். சமாளிப்பு எதுவும் தேவையில்லை, இது நேரடித் தவறு. இரண்டு வரிக்கு மேல் நீட்ட வேண்டாம்.

அறிவியல் தவறுகளைத் தனிப் பட்டியலாக வையுங்கள் என்பது எங்கள் கோரிக்கை. அதிலும் 1993இல் தெரிந்தே செய்தது, அப்போது யாருக்கும் தெரியாதது என்று இரண்டாகப் பிரியுங்கள். வெலோசிராப்டர் வான்கோழி அளவுதான், எலும்புகள் கிடைப்பது மங்கோலியப் பக்கம், படத்திலோ மொண்டானாவில் தோண்டுகிறார்கள் என்பது தெரிந்தே செய்தது. மொண்டானாவில் கிடைப்பது அதன் பெரிய உறவான டைனோனிகஸ். 1980களின் இறுதியில் அதையும் வெலோசிராப்டர் என்ற பேரினத்துக்குள் சேர்த்த ஒரு வகைப்பாடு இருந்தது, கிரைட்டன் அதை எடுத்துக்கொண்டார். இறகு இல்லாததைப் பிழை என்று எழுதுகிறவர்கள், வெலோசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பொருந்தும் முடிச்சுகள் 2007இல்தான் அறிவிக்கப்பட்டன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படத்தில் சிறிதாக வந்து விஷம் துப்பும் டைலோஃபோசாரஸ் உண்மையில் ஆறு ஏழு மீட்டர் நீளம். கழுத்து விசிறிக்கும் விஷத் துப்பலுக்கும் சான்று இல்லை.

அன்றைக்கே தெரிந்திருந்தும் தப்பவிட்டவை இரண்டு. டைனோசர் இரத்தம் குடித்த கொசுவிலிருந்து மரபணுவை எடுத்ததாகக் கதை; அந்தக் கொசு சிக்கிய அம்பர் (இறுகிப்போன பழைய மரப்பிசின்) டொமினிகன் குடியரசுச் சுரங்கத்தில் எடுக்கப்படுகிறது. அந்த அம்பர் சுமார் இரண்டு கோடி ஆண்டுக்கு உட்பட்டது. டைனோசர்கள் அழிந்து ஆறரைக் கோடி ஆண்டுக்கு மேல். அந்தக் கொசு எந்த டைனோசரையும் கடித்திருக்க வாய்ப்பே இல்லை. மற்றது லைசின் என்ற அமினோ அமிலம். விலங்குகளால் லைசினைத் தாமே உருவாக்க முடியாதபடி மரபணுவை மாற்றினோம், நாங்கள் கொடுக்காவிட்டால் செத்துவிடும் என்று பூங்காக்காரர்கள் பெருமைப்படுகிறார்கள். எந்த விலங்காலுமே லைசினை உடலில் உருவாக்க முடியாது. நாமும் பருப்பிலும் முட்டையிலும் இறைச்சியிலும்தான் பெறுகிறோம். இலை மேயும் டைனோசரும் அப்படியே பெற்றுக்கொள்ளும். இதைப் பிடித்த தமிழ்க் காணொளி ஒன்றையும் நாங்கள் பார்க்கவில்லை.

இன்னொரு பக்கம், பிழையே இல்லாத ஒன்றைக் கிண்டலடிப்பது நின்றபாடில்லை. லெக்ஸ் கணினித் திரையில் முப்பரிமாணக் கட்டடங்கள்மேல் பறந்துபோய் ‘இது யூனிக்ஸ், எனக்குத் தெரியும்’ என்கிறாளே, ‘இப்படி ஒரு யூனிக்ஸ் உலகத்திலேயே கிடையாது’ என்று சிரிக்கிறீர்கள். யூனிக்ஸ் என்பது ஒரு கணினி இயங்குதளம்; திரையில் தெரிவது சிலிகான் கிராஃபிக்ஸ் நிறுவனம் தன் யூனிக்ஸ் இயந்திரங்களுக்கு எழுதிய கோப்பு உலாவி. எஃப்எஸ்என் என்று பெயர். உண்மையான மென்பொருள், உண்மையான திரை. கணினித் திரையில் பிழை வேண்டுமென்றால் நெட்ரியின் மேசைக்குப் போங்கள். துறைமுகத்து ஆளோடு அவன் ‘நேரலை’யில் பேசும்போது அந்தச் சாளரத்தின் அடியில் குவிக்டைம் என்ற காணொளி இயக்கியின் ஓட்டப்பட்டை மெல்ல நகர்கிறது. பதிவு செய்த காணொளி ஓடுகிறது என்று திரையே காட்டிக்கொடுக்கிறது. கரு சேமித்த குளிர்பெட்டியில் அதே நெட்ரி எடுக்கும் குழாய்களின் சீட்டுகளையும் பாருங்கள். ஸ்டெகோசாரஸில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, டைரனோசாரஸில் ஒரு எழுத்து குறைகிறது. செலவைப் பற்றிக் கவலையே படவில்லை என்று உரிமையாளர் ஹாமண்ட் சொல்லிக்கொண்டே இருக்கும் பூங்காவில் சீட்டு எழுதியவருக்கு எழுத்துப்பிழை. இதைப் பொருட்கள் பிரிவின் தவறு என்று போடுங்கள். சான் ஹொசே என்று எழுத்துப் போட்டுவிட்டுக் கடற்கரையைக் காட்டுவதும் அந்த ரகம்தான். கோஸ்டா ரிகாவின் அந்தத் தலைநகரம் நாட்டின் நடுவே மலைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது, கடலே கிடையாது. படப்பிடிப்புக்குழு ஆள் தெரிவது தனி வகை. ராப்டர் சமையலறைக்குள் நுழையும் ஷாட்டில் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அதன் வாலைப் பிடித்து நிலைப்படுத்துகிறது. அது கண்டினியூட்டி பிழை ஆகாது.

சரி, உண்மையான கண்டினியூட்டி பிழையை எப்படிப் பிடிப்பது? ஒலியை அணைத்துவிடுங்கள். வசனமும் இசையும் கண்ணை முகத்துக்கு இழுக்கும், மற்றதைப் பார்க்க விடாது. ஒரு காட்சிக்கு ஒரே பொருளை எடுத்துக்கொண்டு அதை மட்டும் பின்தொடருங்கள். இந்தப் படத்தில் பலன் தரும் பொருட்கள் நனைவும் சேறும்தான்: தலைமுடி எவ்வளவு நனைந்திருக்கிறது, கன்னத்துச் சேறு எந்தப் பக்கம், கார்க் கண்ணாடியில் விரிசல் எங்கே தொடங்குகிறது. மழைக் காட்சியில் ஒரு டேக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் நிறைய நேரம் ஓடும். நாற்பது அடி நீள டி-ரெக்ஸ் பொம்மையின் நுரைத்தோல் மழைநீரை உறிஞ்சிக் கனத்து நடுங்கத் தொடங்கியது, ஒவ்வொரு முறையும் துடைத்து உலர்த்த வேண்டியிருந்தது. நடிகர்கள் காய்ந்து மறுபடி நனைகிறார்கள். கண்டினியூட்டி பார்ப்பவர் அந்தக் காலத்தில் எடுத்தவுடன் அச்சாகி வரும் போலராய்டு படம் எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி ஒப்பிட்டார். நீர் எவ்வளவு சொட்டியது என்பதை எந்தப் போலராய்டாலும் முழுதாகப் பிடிக்க முடியாது.

இரண்டு ஷாட்டை ஒப்பிடுமுன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நடுவில் வெட்டு வேறு இடத்துக்குப் போய்வந்ததா? கட்டுப்பாட்டு அறைக்குப் போய்த் திரும்பியிருந்தால் இங்கே ஐந்து நிமிடம் ஓடியிருக்கலாம், கை சட்டையைச் சரிசெய்திருக்கலாம். ஒரே இடத்தில், ஒட்டிய இரண்டு ஷாட்டில், நடுவில் யாரும் தொடாமல் ஒரு பொருள் மாறினால் மட்டுமே அது பிழை. விஎல்சி (VLC) காணொளி இயக்கியில் ‘ஈ’ (E) விசை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும். வெட்டுக்கு முந்திய கடைசி ஃபிரேமையும் பிந்திய முதல் ஃபிரேமையும் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

எந்தப் பதிப்பு என்று எழுதாமல் விடாதீர்கள். படம் 127 நிமிடம், வினாடிக்கு 24 ஃபிரேம். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்த பழைய டிவிடிகள் 25 ஃபிரேமில் ஓடுவதால் அதே படம் சுமார் 122 நிமிடத்தில் முடியும். உங்கள் நேரக்குறிப்பும் இன்னொருவருடையதும் படத்தின் இறுதியில் ஐந்து நிமிடம் விலகுவது இதனால்தான். மேலும் கீழும் மறைத்து 1.85 அகல விகிதத்தில் திரையிட வேண்டிய படங்களைப் பழைய டிவிக்காக மறைப்பை நீக்கி 4:3இல் மாற்றும்போது, திரையரங்கில் தெரியாத மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் வெளிப்படும். மைக்கும் கேமரா நகரும் தண்டவாளமும் அங்கே தெரிந்தால் அதற்கு மாற்றியவர் பொறுப்பு, எடுத்தவர் இல்லை. 2013இல் வந்த முப்பரிமாணப் பதிப்பும் இருக்கிறது, எதில் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஹெலிகாப்டரில் கிராண்டின் இருக்கைப் பட்டையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கொக்கி கிடைப்பதைப் பிழைப் பட்டியலில் போடுகிறவர்களுக்கு ஒன்று. ஒன்றோடொன்று சேராத இரண்டு ‘பெண்’ முனைகளை அவர் முடிச்சுப் போட்டு ஒட்டவைக்கிறார். பெண் விலங்குகள் மட்டுமே உள்ள பூங்காவில் முட்டை பொரிந்திருப்பதைப் பிறகு காண்பவரும் அவர்தான். முன்னது பின்னதற்கான முன்குறிப்பு. அதைத் தயவுசெய்து பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்த காணொளியில் ஒவ்வொரு பிழைக்கும் நான்கு விஷயம் போதும்: பதிப்பு, நேரக்குறிப்பு, இரண்டு ஃபிரேமின் படம், எந்த வகைப் பிழை என்ற ஒரு சொல். எண்ணிக்கை ஐம்பதிலிருந்து பன்னிரண்டாகக் குறையும். தலைப்பில் பன்னிரண்டு என்றே போடுங்கள், நாங்கள் கடைசிவரை பார்ப்போம்.

அன்புடன்,
எடிட்டிங் மேசையில் வேலை செய்யும் சில பார்வையாளர்கள்